மேல் படித் தொட்டிகள்

தலைமைத் தோட்டக்காரர் நல்லசாமி என் தொட்டியைப் பூட்ஸ் முனையால் தட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இதுல செடி இருக்குதுங்களா? எனக்கு வெறும் மண்ணாட்டத் தெரியுது."

பின்னால் நின்ற இரண்டு வேலையாட்கள் சிரித்தார்கள். மணி மூன்றரை. குன்னூரில் டிசம்பரில் அந்த நேரத்துக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துவிடும். ஹோட்டல் வாசலின் ஒன்பது படிகளிலும் நான் வைத்திருந்த இருபத்தேழு தொட்டிகள் கறுப்புக் கட்டிகளாக நின்றன. கரு ஊதா பெட்டூனியா, அடர்நீல லொபீலியா, ஒயின் சிவப்பில் பேன்சி. மேனேஜர் தினகரன் போனில் அனுப்பிய வெளிநாட்டுத் தோட்டப் படத்தைப் பார்த்து அப்படியே வைத்தது. படத்தில் நல்ல வெயில் இருந்தது.

"டிகிரி படிச்சவங்க பண்ணுனா சரியாத்தான் இருக்கும்டா," என்றார் நல்லசாமி, வேலையாட்களிடம். "நமக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

எனக்கு ஆள் முன்னால் பேச வராது. அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது.

என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு என்னைப் பிடிக்காது. ஒவ்வொரு கோடையிலும் மாவட்டத்தில் தோட்டப் போட்டி நடக்கும். ஹோட்டல் மூன்று வருடமாகத் தோற்றிருந்தது. கடைசி முறை நடுவர்கள், 'படிக்கட்டில் ஆண்டுதோறும் ஒரே சேர்க்கை' என்று எழுதிக் கொடுத்தார்கள். சிவப்பு சால்வியா, மஞ்சள் செண்டுமல்லி. இருபத்திரண்டு வருடமாக நல்லசாமி வைத்துவந்த சேர்க்கை அது. தினகரன் அந்த வரியை எல்லா வேலையாட்கள் முன்னாலும் சத்தமாக வாசித்தாராம். பிறகு தாவரவியல் படித்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். நவம்பரில் நான் வந்தேன்.

ஆறு மாதம் தற்காலிகம். மே மாதம் நடுவர்கள் வந்துபோன பிறகுதான் நிரந்தரம். நிரந்தரமானால் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு அறை குவார்ட்டர்ஸ் கிடைக்கும். எனக்கு வேண்டியது அந்த அறைதான்.

என் அம்மா வேலாயி சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். மே முப்பத்தொன்றோடு அம்மா ஓய்வு பெற வேண்டும். அதன் பிறகு எஸ்டேட் கொடுத்த லயத்து அறையில் இருக்க முடியாது. வீட்டிலிருந்து இன்னொருவர் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனால் மட்டும் அறை நம்முடையது. அப்பா இல்லை. வேறு பிள்ளைகள் இல்லை. அந்த இன்னொருவர் நான்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா இதைத்தான் பேசினார்.

"ஆபீசுல கேட்டுட்டாங்க. ஒன் பேரைக் குடுக்கட்டா, வேணாமா?"

"மே வரைக்கும் பொறும்மா."

"மே வரைக்கும் பொறுத்து, பொறவு சாமானைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கவா?"

மறுநாள் காலை ஆறரைக்கு என்னை எழுப்பி, ஒரு கூடையைக் கையில் கொடுத்தார். "வந்து பழகு. படிச்ச கை என்ன செய்யும்னு பாப்போம்."

மலைச் சரிவில் எட்டு பேர் நிரை பிடித்து நின்றார்கள். அம்மாவின் கூட்டம். என்னை அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நிறுத்தினார்கள். ஏழரைக்கு மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. ஐம்பதடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

"ஆள் பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன். மூட்டத்துக்குள் நிறங்கள் இரண்டிரண்டாக நின்றன. தலையில் ஒன்று, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கில் ஒன்று. மேலே மஞ்சள், கீழே கரு ஊதா. மேலே ஆரஞ்சு, கீழே கறுப்பு. மேலே அரக்கு, கீழே இளம் ரோஸ். முகம் தெரியவில்லை. ஆனால் யார் யார் என்று தெரிந்தது. எட்டு பேரையும் எண்ணிவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

இது இரண்டு வருடமாக உள்ள பழக்கம். அதற்கு முந்தைய ஜூலையில் இதே சரிவில் யானை வந்தது. பிளிறல் கேட்டு எல்லோரும் கீழே ஓடினார்கள். கூட்டத்தில் இருந்த தெய்வம்மாவும் தங்கள் பின்னால் நிற்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் அப்படி நின்றார்கள். தெய்வம்மா அன்று தலையில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். இடுப்பில் வெளிர்நீலப் பிளாஸ்டிக். இரண்டும் மூட்டத்தின் நிறமே. அவர் மேலேயே கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அம்மாதான் முதலில் ஏறிப்போய்ப் பார்த்தார். அதற்குள் உயிர் போயிருந்தது.

அதன் பிறகு பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்தார்கள். ஒன்று வெளுத்த நிறம், ஒன்று கறுத்த நிறம். ஒருவர் சோடியை இன்னொருவர் கட்டக்கூடாது. வெள்ளையும் வெளிர்நீலமும் யாருமே கட்டக்கூடாது. பந்தலூர் சந்தையில் அந்த நீலப் பிளாஸ்டிக் மலிவாகக் கிடைக்கும். யாரும் வாங்குவதில்லை.

நான் கூடையைக் கீழே வைத்து நோட்டை எடுத்தேன். மூட்டத்தில் முதலில் அழிவது நிறம். கடைசியில் அழிவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒளியியல் பாடத்தில் படித்ததுதான். என் டிசம்பர்த் தொட்டிகளில் மூன்றும் இருட்டு. அதனால்தான் மண் மாதிரித் தெரிந்தன. நான் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, பெயரை எழுதி, நிறத்தை எழுதி, அதற்கு நேராக ஒரு செடியை எழுதினேன்.

"என்ன எழுதுற?" என்றார் அம்மா.

"கலர்."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"கொழுந்து எடுக்க வந்தவ கொழுந்தை எடு. எங்களைப் பாத்து எழுத என்ன கெடக்கு?"

அடுத்த நிரையிலிருந்து ஒரு அக்கா, "வேலாயி, ஒன் மக நம்மளைப் படம் போடுதோ? என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடியில் ஒரு பிடி கொழுந்து கிடந்தது.

"இதுக்குத்தான் படிக்க வச்சேன்," என்றார்.

ஜனவரிக் கடைசியில் விதை போட்டேன். எட்டுப் படிக்கு எட்டுச் சோடி. அம்மாவின் படிக்கு மஞ்சள் காலண்டுலாவும் கரு ஊதா பெட்டூனியாவும். ஆரஞ்சு நெமீசியாவும் கறுப்பு பேன்சியும் ஒரு படிக்கு. அரக்கு ஆன்ட்டிரினமும் இளம் ரோஸ் ஃபிளாக்ஸும் ஒரு படிக்கு. உயரமானது நடுவில், படர்வது ஓரத்தில். ஒரு தொட்டியில் இரண்டு வகைதான், மூன்றாவது கிடையாது. ஒன்பதாவதான மேல் படிக்கு என்ன என்று தெரியவில்லை. நோட்டில் அந்த வரியை விட்டு வைத்தேன்.

நல்லசாமி எனக்கு இலைமக்கு உரம் தரவில்லை. "தீர்ந்து போச்சுங்க," என்றார். அவர் கொட்டகையில் மூன்று மூட்டை இருந்தது. நானே சோலை ஓரத்தில் கூட்டி அள்ளி வந்தேன். உறைபனிக் காலத்தில் நாற்றுகளை மூட அவர் மிலார்ச் செடி வெட்டிவந்து எல்லாப் பாத்திகளுக்கும் போட்டார். என் தட்டுகளுக்குப் போடவில்லை. காலையில் இரண்டு தட்டு கருகியிருந்தது.

"அடடா," என்றார். "உங்க படிப்புல இதெல்லாம் வராதுங்களா?"

பிப்ரவரியில் என் நோட்டு அவர் கையில் கிடைத்தது. நான் நாற்று மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கொட்டகை வாசலில் நின்று வேலையாட்களுக்கு வாசித்தார்.

"வேலாயி, மஞ்சள் ஊதா. வேலாயிங்கறது யாருங்க, அம்மணி?"

"எங்க அம்மா."

"கேட்டீங்களாடா? லயத்துச் சனத்தையெல்லாம் கொண்டாந்து தொட்டியில வெக்கறாங்களாமா. பெரிய பெரிய ஆளுக வந்து தங்கற எடம் இது."

அன்றிலிருந்து அதுவே விளையாட்டாகிவிட்டது. "வேலாயிக்குத் தண்ணி காட்டுனீங்களா?" "வேலாயிக்குப் பூச்சி விழுந்திருக்குது, மருந்தடிங்க." ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது, "ஏனுங்க, உங்க அம்மா வாடிக் கெடக்கறாங்க, நீங்க பாட்டுக்குச் சோறு தின்னுட்டு வர்றீங்களே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரியாதை குறையாமல், ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் படிகளில் தொட்டிகளை ஏற்றினேன். எட்டுப் படிகளும் சரியாக வந்தன. மேல் படி மட்டும் காலி. சிவப்பு வைத்துப் பார்த்தேன், கீழே உள்ள படிகளின் நிறத்தை அமுக்கியது. பச்சை இலைச் செடி வைத்தேன், வெறுமையாக இருந்தது. தினகரன் தினமும் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"சுமலதா, மேல என்ன? நடுவர் வர மூணு வாரம்தான். அந்தப் படி காலியா இருந்தா நல்லசாமியையே சால்வியா வைக்கச் சொல்லிடுவேன். அப்புறம் நீங்க எதுக்கு?"

பாத்தி ஓரத்துக்கு என்று வளர்த்த அலிசமும் லொபீலியாவும் ஐந்து தொட்டியில் மிச்சம் இருந்தன. வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அவற்றில் மூன்றைத் தூக்கித் தற்காலிகமாக மேல் படியில் வைத்தேன். பிறகு கேட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். மூட்டம் ஏறியிருந்தது. எட்டுப் படிகள் தெரிந்தன, எட்டுச் சோடி நிறங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. படி அங்கேயே முடிந்துவிட்டது போல இருந்தது.

காற்று திரும்பியது. எட்டாவது படிக்கு மேல் ஏதோ வெளுப்பாக அசைந்தது. பிறகு ஒன்பதாவது படி வந்தது. வெள்ளை அலிசம், வெளிர்நீல லொபீலியா.

யார் என்று உடனே தெரிந்தது. தெய்வம்மாவின் துண்டும் பிளாஸ்டிக்கும். அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இது ஜெயிக்கும்.

எடுக்கப் போனேன். மேல் படி வரை ஏறினேன். ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். பிடித்து, கொஞ்சம் நேராகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன். நோட்டில் ஒன்பதாவது வரியில் செடிகளின் பெயரை மட்டும் எழுதினேன்.

தினகரன் அன்றே படம் எடுத்து ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டார். நான் வேலை செய்யும் இடம் என்று ஊரில் பலரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள். நாலாம் நாள் அம்மா போன் செய்தார்.

"மேல வச்சிருக்கியே, அது என்ன?"

"பூ."

"எனக்குப் பூன்னு தெரியாதா? எந்த நெறம்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்களையெல்லாம் வச்சிருக்க. சரி, வச்சுக்க. நாங்க உசுரோட இருக்கோம், வந்து ஒன்னைக் கேப்போம். அவ எப்படி வந்து கேப்பா? நாங்க யாரும் ஒடம்புல போடாத நெறம் அது. நீ வாசல்ல காட்சிக்கு வச்சிருக்க. எடுத்துரு."

"சரிம்மா."

"எடுத்துருவியா?"

"எடுத்துடுறேன்."

மறுநாள் திரும்பக் கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். தினகரனிடம் இனிமேல் படம் போட வேண்டாம், போட்டிக்கு முன்னால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவரிடம் நானாகப் பேசிய முதல் வாக்கியம் அது. நல்ல யோசனை என்றார்.

நடுவர்கள் மே எட்டாம் தேதி மதியம் வந்தார்கள், இரண்டு பேர். ஒரு வயதான அம்மாள் குடையோடு, ஒருவர் கோப்போடு. மூட்டம் இருந்தது. தினகரன் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நல்லசாமி புல்வெளி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் புகைல என்னத்தைப் பாக்கப் போறாங்களாமா," என்றார், எனக்குக் கேட்கும்படி.

அந்த அம்மாள் படிக்கட்டின் முன்னால் நின்றார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். காற்று திரும்பியது. அவர் குடையைத் தாழ்த்தினார்.

"மேலே இன்னொரு படி இருக்கா?" என்றார். "எனக்கு இவ்வளவு நேரம் தெரியவே இல்லையே. இதை வேணும்னே செஞ்சீங்களா?"

தினகரன் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன்.

"எங்கேயிருந்து வந்தது இந்த யோசனை?"

"மூட்டத்துல எது கடைசியா மறையும், எது முதல்ல மறையும்னு குறிச்சு வெச்சேங்க."

"அறிவியல் படிச்சவங்களா?"

"பி.எஸ்சி. தாவரவியல்."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

படிக்கட்டுத் தொட்டிப் பிரிவில் முதல் பரிசு வந்தது. பதினைந்தாம் தேதி நிரந்தரக் கடிதம் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் சாவியை நல்லசாமி கொண்டுவந்து தந்தார். "எலி இருக்குதுங்க. உங்களுக்குப் பழக்கமாத்தான் இருக்கும்," என்றார். அம்மாவுக்குப் போன் செய்து, பேர் பதிய வேண்டாம், வீடு கிடைத்துவிட்டது என்றேன். அம்மா "கட்டிலைக் கொண்டாரலாமா?" என்று கேட்டார்.

ஜூன் இரண்டாம் தேதி அம்மா ஒரு ஜீப்பில் வந்தார். கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஸ்டவ், இரண்டு சாக்கு. நான் நர்சரியில் இருந்தேன். அன்று நல்ல வெயில். பின்வாசல் வழியாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். நல்லசாமி ஜீப்பை முன் கேட்டிலேயே நிறுத்தி, அம்மாவை இறக்கி, படிக்கட்டுக்கு அழைத்து வந்திருந்தார். நான் ஓடி வருவதற்குள் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இதுதானுங்க நீங்க. மஞ்சளு, ஊதா. தண்ணியெல்லாம் ஊத்தி நல்லாப் பாத்துக்கறோமுங்க. இது உங்க கூட்டாளிங்க. எட்டுப் பேருக்கும் பேரு இருக்குது. மேல இருக்கறது யாருன்னு மட்டும் உங்க புள்ள எழுதலைங்க. நீங்களாவது சொல்லுங்களே, யாருங்க அது?"

அம்மா மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டேன்னு சொன்ன."

"அம்மா, உள்ள போய்ப் பேசலாம்."

"எடுத்துட்டேன்னு சொன்னியா, இல்லையா?"

"இதில்லாம இந்த வேலை கிடைச்சிருக்காது. வீடு கிடைச்சிருக்காது."

"அவளை நான் தூக்குனேன்," என்றார் அம்மா. "ஒனக்குத் தெரியும்."

அந்தப் படிகளில் வேலையாட்கள் யாரும் ஏறக்கூடாது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஏறலாம். அம்மா செருப்போடு ஏறினார். எட்டுப் படி ஏறி நின்று மூச்சு வாங்கினார். மேல் படியில் முதல் தொட்டியில் கையை விட்டு, அலிசத்தையும் லொபீலியாவையும் ஒரே பிடியாகப் பிடுங்கினார். கொழுந்து எடுத்த கை. தயங்கவில்லை. இரண்டாவது தொட்டி. மூன்றாவது தொட்டி. செடிகளையும் மண்ணையும் படியிலேயே போட்டார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

நல்லசாமி சிரிக்கவில்லை. இரண்டடி விலகி வழிவிட்டார்.

"எங்க அந்த வீடு?" என்று கேட்டார் அம்மா. என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்.

"பின்னாலைங்க. நேராப் போயி எடதுபக்கம்."

"ஸ்டவ் வைக்க எடம் இருக்கா?"

"இருக்குதுங்க."

அம்மா போனார். ஜீப் பின்னாலேயே போனது.

நல்லசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு சென்னைப் பார்ட்டி வருதுங்க. அந்த மேல் படியப் பாக்கத்தான் வர்றாங்கன்னு சார் காலையில சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினார். "நானா எதுவும் சொல்லலைங்க. சார் கேட்டா சொல்லித்தான் ஆகோணும். யாரு பிடுங்குனா, அவங்க எங்க தங்கியிருக்கறாங்கன்னு."

மணி இரண்டே முக்கால். நர்சரியில் மிச்சம் இரண்டு தொட்டி இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. மூன்றாவதற்கு மாற்று இல்லை.

மேல் படியில் உட்கார்ந்தேன். அம்மா பிடுங்கிப் போட்ட செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வேர் அறுந்ததை ஒரு பக்கம் வைத்தேன். வேரில் மண் ஒட்டியிருந்ததை மறுபக்கம் வைத்தேன். நாலு லொபீலியாவும் மூன்று அலிசமும் தேறின. தொட்டியில் குழி பறித்து, வேரை விரித்து இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்தினேன். கசங்கிய பூக்களைக் கிள்ளி எறிந்தேன். தண்ணீர் தெளித்தேன்.

ஹோட்டலின் பக்கச் சுவர் தாண்டி, குவார்ட்டர்ஸ் கதவு தெரிந்தது. அம்மா வாசலில் கட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டவ்வைக் கையில் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணை அழுத்தி முடிக்கும் வரை பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

மூன்று தொட்டிகளையும் ஒரே வரிசையில் வரும்படி திருப்பினேன். படியில் சிந்திய மண்ணைக் கையால் கூட்டி அள்ளினேன்.